நிலவொளி சொனாட்டா: மறுபடி பார்ப்பவர்களின் கேள்விகள்

கேள்வி: ‘டிடெக்டிவ் கோனன்’ என்ற ஜப்பானிய அனிமேஷன் துப்பறியும் தொடரில் ‘நிலவொளி சொனாட்டா’ என்ற பியானோ கொலை வழக்கைத் திரும்பப் பார்க்க 11ஆம் எபிசோடைப் போட்டேன். பாதியில் நின்றுவிட்டதே?

பதில்: மீதி 12இல் இருக்கும். ஜப்பானில் 1996 ஏப்ரல் 8 அன்று இது ஒரு மணி நேரச் சிறப்பு எபிசோடாக, 11 என்ற ஒரே எண்ணில் ஒளிபரப்பானது. வெளிநாட்டுப் பதிப்பில் அதை இரண்டாக வெட்டி இரண்டு எண் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு சிறப்பு எபிசோடுக்கும் இதே கதை என்பதால் போகப்போக எண்கள் தள்ளிக்கொண்டே போகும். தலைப்பை வைத்துத் தேடுங்கள். இரண்டு பகுதியையும் ஒரே மூச்சில் பார்ப்பது நல்லது.

கேள்வி: கொலையாளி யார் என்று தெரிந்துவிட்டது. இனி அதில் பார்க்க என்ன இருக்கிறது?

பதில்: (முதல் முறை பார்க்கப் போகிறவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிவிடுங்கள்.)

12 வருடங்களுக்கு முன் தீயில் மாண்ட பியானோ கலைஞர் அசோ கெய்ஜியின் பெயரில் ஒரு கடிதம் வந்து, துப்பறிவாளர் மோரி கோகோரோவைத் தீவுக்கு வரவழைக்கிறது. அங்கே ஒவ்வொரு பிணமும் கிடைக்கும்போது பீத்தோவனின் மூன்று பகுதிப் பியானோ இசையான ‘மூன்லைட் சொனாட்டா’வில் (நிலவொளி சொனாட்டா) ஒரு பகுதி ஒலிக்கிறது. மெதுவாக அலையடிப்பது முதல் பகுதி, குட்டையாக நடன நடையில் வருவது இரண்டாவது, புயல் வேகத்தில் பாய்வது மூன்றாவது. காதால் இவற்றைப் பிரித்தறிந்தால் எத்தனையாவது கொலை என்பதை இசையே சொல்லிவிடும்.

ஆனால் மறுபடி பார்ப்பதன் ருசி வேறிடத்தில் இருக்கிறது. தீவில் பிணத்தைப் பரிசோதிப்பவர் டாக்டர் நருமி. கொலையாளியும் அவரே. ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: கண்ணால் கண்டது ஒன்றில், ஒருவர் வாயால் கேட்டது மற்றதில். ‘இறந்து இவ்வளவு நேரம்’ என்ற வரி இரண்டாவது பத்தியில்தான் போகும். அதை அடித்துவிட்டுப் பாருங்கள், யார் எப்போது எங்கே இருந்தார் என்ற கணக்கு மொத்தமும் ஆட்டம் காணும். முதல் தடவை நாமும் போலீஸ்காரர்களைப் போலவே டாக்டர் சொன்னால் சரி என்று நம்பிவிடுகிறோம். இசை தொடங்கும் முன் சில நிமிடங்கள் வெறுமையாக ஓடும் கேசட்டும் இதே வகைதான்: பாட்டு கேட்ட நேரம் வேறு, பொத்தானை அழுத்திய நேரம் வேறு.

இன்னொன்று மொழிபெயர்ப்பில் தொலைந்தது. டாக்டரின் பெயரை ஜப்பானிய மொழியில் எழுதும் சீன எழுத்துகளை ‘நருமி’ என்றும் படிக்கலாம், ‘செய்ஜி’ என்றும் படிக்கலாம். செய்ஜி என்பது தீயில் மாண்ட கெய்ஜியின் மகனுடைய பெயர். பெண் வேடத்தில் நிற்கும் ஆள் தன் நிஜப் பெயரை எழுத்தில் மாற்றவே இல்லை! சப்டைட்டிலில் ‘நருமி’ என்று ஓடிவிடுவதால் நமக்கு இது எட்டுவதில்லை. அமெரிக்க ஆங்கில டப்பிங் கோகோரோ, அவர் மகள் ரான் போன்றோரின் பெயர்களையே மாற்றிய ஒன்று. ஜப்பானிய ஒலியே உத்தமம்.

கேள்வி: இசைக்குறிப்பில் வரும் ரகசிய எழுத்தை நானே வாசித்துப் பார்த்தேன், பொருள் வரவில்லை.

பதில்: பியானோவின் இடது ஓரக் கட்டையிலிருந்து வரிசையாக ஆங்கில எழுத்துகளை வைப்பதுதான் முறை. தவறு இரண்டு இடத்தில் நேரும். 88 கட்டை பியானோ ‘ஏ’ சுரத்தில் தொடங்கும், 61 கட்டை கீபோர்டு ‘சி’யில் தொடங்கும். அதனால் கீபோர்டில் எண்ணினால் எல்லா எழுத்தும் இடம் மாறிவிடும். 88 கட்டைகளைத் தாளில் வரைந்து எண்ணுங்கள். அடுத்து, வருவது ஆங்கில வாக்கியம் அல்ல. ஆங்கில எழுத்தில் எழுதிய ஜப்பானிய மொழி. எரியும் மண்டபத்தில் கொலையாளி கடைசியாக வாசிக்கும் சுரங்களும் இதே முறையில் சொல்லப்படும் செய்திதான்: குட்டித் துப்பறிவாளன் கோனனுக்கு ஒரு நன்றி.

கேள்வி: அடுத்து எதைப் பார்க்கலாம்?

பதில்: ஜப்பானிய எண்ணிக்கையில் 77, 78. குற்றவாளியைத் துப்பறிந்து மூலையில் தள்ளி, சாகவும் விட்டுவிடுகிற துப்பறிவாளன் கொலைகாரனுக்குச் சமம் என்று இன்னொரு இளம் துப்பறிவாளனான ஹெய்ஜியிடம் கோனன் சொல்லும் வழக்கு அது. எந்த எரியும் மண்டபத்தை நினைத்துச் சொல்கிறான் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.