லண்டனிலிருந்து நெடுந்தீவுக்கு எத்தனை மணித்தியாலம்?

தம்பி, டிசம்பர் விடுமுறையில் வெள்ளி இரவு லண்டனில் விமானம் ஏறினால், சனி பொழுதுபடுவதற்குள் யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கும் நெடுந்தீவில் அம்மம்மாவின் வீட்டில் நிற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நிற்க முடியாது, ஞாயிறு காலை என்று அம்மம்மாவுக்குச் சொல்லிவையுங்கள்.

நீங்கள் பார்த்த 8,700 கிலோமீற்றர் என்ற கணக்கு ஏறத்தாழச் சரிதான். ஆனால் அது பூமியின் வளைவோடு கொழும்புவரை அளந்த மிகக் குறுகிய தூரம். மூடிக் கிடக்கும் வான்பரப்புகளை விலத்திப் பறக்கவேண்டியிருப்பதால் விமானம் ஓடும் தூரம் அதைவிடக் கூடும். ஹீத்ரோவிலிருந்து நேரடி விமானம் ஏறத்தாழ 11 மணித்தியாலம் எடுக்கும். திரும்பும்போது மேற்கிலிருந்து வீசும் உயர்வானக் காற்றை எதிர்த்து வருவதால் இன்னும் சற்று நேரம் செல்லும். டோகா அல்லது டுபாயில் மாறிச் சென்றால் காத்திருப்போடு 14 முதல் 18 மணித்தியாலம் ஆகலாம். மலிவாக இருக்கிறதே என்று ஐரோப்பிய நகரம் ஒன்றில் மாறும் சீட்டை எடுத்துவிடாதீர்கள். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளின் விமான நிலையங்களில் இடைமாறுவதற்கே விசா எடுக்கவேண்டியிருக்கும்.

இனி வாசலிலிருந்து வாசலுக்கு எண்ணிப் பாருங்கள். வெள்ளி பிற்பகல் நான்கு மணிக்கு அறையைப் பூட்டி, இரவு எட்டரைக்குப் புறப்பட்டால், குளிர்காலத்தில் இலங்கை ஐந்தரை மணித்தியாலம் முன்னே நிற்பதால், கொழும்புக்கு அருகே கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கும்போது சனி பிற்பகல் ஒரு மணியாகிவிடும். அங்கிருந்து கொழும்புக்குப் போய் இரவு பஸ் எடுத்தால் விடியற்காலையில் யாழ்ப்பாணம். பிறகு பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் இறங்குதுறை. அதன்பின் ஒரு மணித்தியாலப் படகு. வீட்டுப் படலையைத் திறக்கையில் ஞாயிறு காலை பத்து மணி, அதாவது புறப்பட்டு 36 மணித்தியாலத்துக்கும் மேல். வானத்தில் கழிவது அதில் மூன்றிலொரு பங்குகூட இல்லை.

படகைப் பற்றித்தான் நான் அதிகம் எச்சரிப்பேன். டிசம்பர் வாடைக்காற்றுக் காலம். கடல் கொந்தளித்தால் அன்று சேவையே நடக்காது. ஒருமுறை திரும்பும் நாளில் அப்படித்தான் இறங்குதுறையில் பெட்டியின்மேல் குந்தியிருந்து விமானத்தைத் தவறவிட்டேன். புதுச் சீட்டுக்குக் கொடுத்த பணத்தில் அம்மாவுக்கு ஒரு பசுமாடே வாங்கிக் கொடுத்திருக்கலாம். பெரிய பெட்டியும் வேண்டாம். அலையில் ஏறி இறங்கும் படகுக்கும் துறைக்கும் இடையே அதைக் கைமாற்றித்தான் கொடுக்கவேண்டும். சக்கரம் இருந்து பயனில்லை. திரும்பும்போது விமானத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே தீவைவிட்டுப் புறப்பட்டு, ஒரு நாள் யாழ்ப்பாணத்தில் தங்குங்கள்.