ஆன்லைனில் ஹெல்த் இன்ஃபர்மேட்டிக்ஸ் முதுகலை: சேருமுன் சில கேள்விகள்

ஹெல்த் இன்ஃபர்மேட்டிக்ஸ், அதாவது மருத்துவத் தகவல்களைக் கணினியில் பதிந்து, பகிர்ந்து, பயன்படுத்தும் துறையில், ஆன்லைனில் முதுகலை படிக்கலாமா என்று எழுதிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள்: "எந்தப் பல்கலைக்கழகம் நல்லது, பெயரைச் சொல்லுங்கள்." நான் பெயர்ப் பட்டியல் தரப்போவதில்லை. வார்டில் வேலை பார்ப்பவருக்குப் பொருந்தும் படிப்பு, சாஃப்ட்வேர் எழுதுபவருக்குப் பொருந்தாது. படித்து முடித்து என்ன வேலையில் உட்காரப் போகிறீர்கள் என்பது தெளிவானால் பாதித் தேர்வு முடிந்த மாதிரி. மீதிப் பாதிக்குத்தான் இந்தப் பதில்கள்.

கேள்வி: பல வருடமாக வார்டில் நர்ஸாக இருக்கிறேன். புரோகிராமிங் துளியும் தெரியாது. என்னைச் சேர்த்துக்கொள்வார்களா? சேர்ந்தாலும் தாக்குப்பிடிக்க முடியுமா?

தாராளமாகச் சேர்த்துக்கொள்வார்கள். மருத்துவப் பக்கத்திலிருந்து வருபவர்களும் கணினிப் பக்கத்திலிருந்து வருபவர்களும் ஒரே வகுப்பில் உட்காரும் படிப்பு இது. அமெரிக்க மருத்துவத் தகவலியல் சங்கமான ஆமியா, முதுகலை மாணவருக்கு வேண்டிய திறன்களை 10 பிரிவுகளாக வகுத்திருக்கிறது. தொழில்நுட்பம் அதில் ஒரு பங்குதான். மனிதர்கள் கருவிகளை எப்படிக் கையாள்கிறார்கள், வெவ்வேறு துறையினர் எப்படிச் சேர்ந்து வேலை செய்கிறார்கள், ஒரு குழுவை எப்படி வழிநடத்துவது என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

உங்கள் வார்டு அனுபவத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். காலை 8 மணிக்குத் தரவேண்டிய மாத்திரை. நோயாளி ஸ்கேனுக்குப் போய்விட்டார். திரும்பி வந்ததும் மாத்திரையைக் கொடுத்துவிட்டு நர்ஸ் பதிவு செய்யும்போது, தாமதத்துக்கு என்ன காரணம் என்று கணினி கேட்கிறது. நீளமான பட்டியல், ஸ்கேன் என்பது மட்டும் அதில் இல்லை. பக்கத்துப் படுக்கையில் மணி அடிக்கிறது. பட்டியலில் முதலில் இருக்கும் 'நோயாளி மறுத்தார்' என்பதைத் தட்டிவிட்டு அவர் நகர்கிறார். சில மாதம் கழித்து அந்த டேட்டாவைப் பார்க்கும் ஆய்வாளர், இந்த வார்டில் நோயாளிகள் மருந்தை அடிக்கடி மறுக்கிறார்கள் என்று அறிக்கை எழுதுவார். அது ஏன் தப்பு என்று அந்த அறிக்கையைப் பேசும் கூட்டத்தில் சொல்லக்கூடியவர் நீங்கள்தான்.

சேர்வதற்கு முன், டேட்டாபேஸிடம் கேள்வி கேட்க உதவும் மொழியான எஸ்க்யூஎல் மட்டும் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள். சிந்தியா என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. நிஜ மனிதர் யாருடைய விவரமும் இல்லாமல் கற்பனை நோயாளிகளின் முழு மருத்துவப் பதிவுகளை உருவாக்கித் தரும். அதை ஒரு டேட்டாபேஸில் ஏற்றி, "சர்க்கரை நோய் உள்ளவர்களில் ஒரு வருடமாக ஹெச்பிஏ1சி பரிசோதனை செய்யாதவர்கள் யார்?" என்ற ஒரே கேள்விக்கு விடை எடுத்துப் பாருங்கள். அந்த வேலை உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஃபீஸ் கட்டுவது அதற்கப்புறம் இருக்கட்டும்.

கேள்வி: நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். ஹெல்த் இன்ஃபர்மேட்டிக்ஸ், ஹெல்த் டேட்டா சயின்ஸ், பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் எல்லாம் ஒன்றுபோலவே தெரிகின்றன. எதில் சேர்வது?

பயோஇன்ஃபர்மேட்டிக்ஸை முதலில் ஒதுக்கிவிடலாம். அது மரபணு, புரதம் என்று மூலக்கூறு அளவில் நடக்கும் வேலை. மருத்துவமனையின் அன்றாடத்தோடு அதற்கு நேரடித் தொடர்பு குறைவு. ஹெல்த் டேட்டா சயின்ஸில் புள்ளியியலும் மெஷின் லேர்னிங்கும் மையம். கையில் வந்துசேர்ந்த டேட்டாவை வைத்து என்ன செய்யலாம் என்பதில் அது தொடங்கும். அந்த டேட்டா எப்படிப் பிறக்கிறது, யார் பதிவு செய்கிறார்கள், ஒரு சிஸ்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது அதன் பொருள் மாறாமல் இருக்கிறதா என்பவை இன்ஃபர்மேட்டிக்ஸின் கேள்விகள்.

உதாரணம் ஒன்று பாருங்கள். ஒரே நோயாளிக்கு இரண்டு லேபிலிருந்து இரத்தச் சர்க்கரை முடிவு வருகிறது. ஒன்றில் 99, இன்னொன்றில் 5.5. சர்க்கரை தடாலென்று இறங்கிவிட்டதா? இல்லை. முதலாவது டெசிலிட்டருக்கு மில்லிகிராம், இரண்டாவது லிட்டருக்கு மில்லிமோல், 5.5-ஐ 18-ஆல் பெருக்கினால் 99 வந்துவிடும். இரண்டும் ஒரே அளவுதான். அலகைக் கவனிக்காமல் எண்ணை மட்டும் எடுத்து வரைபடம் போடும் நிரல், இல்லாத ஆபத்தை டாக்டருக்குக் காட்டும். பரிசோதனைகளுக்குப் பொதுக் குறியீடு தரும் லோயிங்க் இந்த இரண்டுக்கும் தனித்தனிக் குறியீடு வைத்திருப்பது இதனால்தான். நோய்களுக்கு ஐசிடி, மருத்துவச் சொற்களுக்கு ஸ்னோமெட் சிடி, சிஸ்டங்கள் பேசிக்கொள்ள ஹெச்எல்7 என்று இந்த உலகுக்கென்றே தனி இலக்கணம் இருக்கிறது.

நீங்கள் பார்க்கும் படிப்பின் சிலபஸில் இவற்றுக்கு எத்தனை வாரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஹெச்எல்7-இன் புதிய வடிவமான ஃபயர் தரத்தை வைத்து மாணவர்கள் எதையாவது கட்டுகிறார்களா, அல்லது பெயரைச் சொல்லிவிட்டு ஸ்லைடு நகர்ந்துவிடுகிறதா என்று கேளுங்கள். ஹெச்எல்7-இன் பழைய இரண்டாம் பதிப்பைக் கண்டுகொள்ளாத பாடத்திட்டமும் குறைதான். மருத்துவமனைகளுக்குள் லேப் முடிவுகள் இன்றைக்கும் பெருமளவில் அதில்தான் பயணிக்கின்றன.

கேள்வி: நோய்களையும் சிகிச்சைகளையும் குறியீடுகளாக மாற்றும் மெடிக்கல் கோடிங்கில் இருக்கிறேன். எனக்கு அடுத்த படி இதுதானா?

இருக்கலாம். ஆனால் ஹெல்த் இன்ஃபர்மேஷன் மேனேஜ்மென்ட் என்று ஒரு பக்கத்துத் துறை உண்டு: பதிவேடுகளின் தரம், கோடிங், தனியுரிமை, சட்டத் தேவைகள் எல்லாம் அதன் கீழ் வரும். கோடிங் பிரிவுக்கே தலைமை ஏற்கும் ஆசை இருந்தால் அந்தப் படிப்புதான் உங்களுக்கு நேர்வழி. சிஸ்டத்தை வடிவமைக்கும் பக்கம் போக வேண்டுமானால் இன்ஃபர்மேட்டிக்ஸ். அமெரிக்காவில் இரண்டுக்கும் தனித்தனியாகவே அங்கீகாரம் தருகிறார்கள். எனவே ஏதாவது தொழில்முறைத் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால், அந்தத் தேர்வு எந்தப் பட்டத்தை ஏற்கிறது என்று தேர்வு நடத்தும் அமைப்பிடமே கேட்டுவிடுங்கள். சேர்க்கை அலுவலகம் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள்.

கேள்வி: அங்கீகாரம் உள்ள படிப்புதானா என்று எப்படிச் சரிபார்ப்பது?

இதில் இரண்டு அடுக்கு இருக்கிறது. பலர் ஒன்றைப் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு அதன் நாட்டில் அங்கீகாரம் இருக்கிறதா என்பது முதல் அடுக்கு. இது இல்லையென்றால் மேலே பேச எதுவும் இல்லை. இந்தக் குறிப்பிட்ட படிப்பைத் துறை சார்ந்த அமைப்பு ஒன்று பரிசீலித்திருக்கிறதா என்பது இரண்டாவது. அமெரிக்காவில் அந்த வேலையைச் செய்வது சிஏஹெச்ஐஐஎம் என்ற அமைப்பு. அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பட்டியலை அவர்களே வெளியிடுகிறார்கள். எப்போதும் அந்த மூலப் பட்டியலில் தேடுங்கள். விளம்பரத்தில் இருக்கும் முத்திரையைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். 'அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்துள்ளோம்' என்பதும் 'பெற்றுள்ளோம்' என்பதும் ஒன்றல்ல.

இரண்டாவது அடுக்கு இல்லாத நல்ல படிப்புகளும் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில், சர்வதேச மருத்துவத் தகவலியல் சங்கம் 2000-இல் வெளியிட்டு, பிறகு திருத்திய கல்விப் பரிந்துரைகளின் புதிய பதிப்பை எடுத்து சிலபஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம், படிப்பது ஒரு நாடு, வேலை பார்க்கப்போவது வேறு நாடு என்றால், வேலை பார்க்கும் நாடு அந்த ஆன்லைன் பட்டத்தை ஏற்குமா என்பதைச் சேர்வதற்கு முன்பே எழுத்தில் வாங்கி வையுங்கள்.

கேள்வி: ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. ப்ராக்டிகம் (மருத்துவமனை போன்ற இடத்தில் செய்யும் களப்பயிற்சி) கட்டாயம், ஆனால் இடத்தை மாணவரே தேடிக்கொள்ள வேண்டுமாம். இது சாதாரணமா?

ஆன்லைன் படிப்புகளில் சாதாரணம்தான். ஆனாலும் என்னைப் பொறுத்தவரை ஒரு படிப்பின் தரத்தை அளக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. வீடியோ பாடம் எங்கேயும் கிடைக்கும். ஒரு நிஜ மருத்துவமனையின் நிஜச் சிக்கலுக்குள் உங்களை அழைத்துப்போய் நிறுத்துவதற்குத்தான் பல்கலைக்கழகம் தேவைப்படுகிறது.

வெளியாள் ஒருவருக்கு நோயாளிகளின் டேட்டாவைத் திறந்துவிட எந்த மருத்துவமனையும் யோசிக்கும், யோசிக்கவும் வேண்டும். தனியுரிமைப் பயிற்சிச் சான்று, ரகசியக் காப்பு ஒப்பந்தம், பல்கலைக்கழகத்துக்கும் மருத்துவமனைக்கும் இடையே ஒப்பந்தம், சில வேளைகளில் நெறிமுறைக் குழுவின் அனுமதி என்று ஒவ்வொன்றாக நகரும். மாதக்கணக்கில் ஆகலாம். கடைசி செமஸ்டரில் தேட ஆரம்பித்தவர்கள் பட்டம் தள்ளிப்போய்த் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். முதல் செமஸ்டரிலேயே தொடங்குங்கள்.

பல்கலைக்கழகத்திடம் இப்போதே இவற்றைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். போன வருட மாணவர்கள் எந்த மாதிரி இடங்களில் ப்ராக்டிகம் செய்தார்கள்? இடம் கிடைக்காதவருக்கு என்ன மாற்று ஏற்பாடு? இப்போது வேலை பார்க்கும் இடத்திலேயே செய்யலாமா? செய்யலாம் என்றால் தினசரி வேலையிலிருந்து அது எப்படி வேறுபட வேண்டும், யார் மேற்பார்வை? முதல் கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் நான் அந்த இடத்தை விட்டுவிடுவேன்.

மாற்று ஏற்பாடு என்று பொது டேட்டாவில் ஆய்வு செய்யச் சொன்னால் அதை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. எம்ஐடி வெளியிடும் மிமிக் தொகுப்பில், பாஸ்டனில் உள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பதிவுகள் அடையாளம் நீக்கப்பட்டுக் கிடைக்கின்றன. பயிற்சி முடித்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் அனுமதி தருவார்கள். உண்மையான டேட்டாவின் ஓட்டை உடைசல் எல்லாம் அதில் இருக்கும். அதில் கிடைக்காத ஒன்று, உங்கள் புதிய திரையைப் பார்த்து "இது எனக்கு வேலைக்கு ஆகாது" என்று சொல்லும் டாக்டர்.

கேள்வி: முழுநேர வேலை, இரண்டு குழந்தைகள். இரண்டு வருடத்தில் முடிக்க முடியுமா?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். படிப்பின் அளவைக் கிரெடிட் என்ற அலகில் சொல்வார்கள். பிரிட்டிஷ் முறையில் முதுகலைக்கு 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேர உழைப்பு என்று கணக்கு. ஆக மொத்தம் 1800 மணி நேரம். வருடத்தில் 45 வாரம் படிப்பதாக வைத்தால், இரண்டு வருடத் திட்டத்தில் வாரம் 20 மணி நேரம். மூன்று வருடத்துக்கு நீட்டினால் சுமார் 13 ஆகக் குறையும். ஐரோப்பியக் கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேரம். எந்த நாட்டுப் படிப்பானாலும் இப்படி மணி நேரமாக மாற்றி உங்கள் வாரத்தில் பொருத்திப் பாருங்கள். வாரம் 20 மணி நேரம் என்பது ஒவ்வொரு வேலைநாள் இரவும் இரண்டு மணி நேரம், சனி ஞாயிறில் பத்து. உங்கள் நிலையில் நான் மூன்று வருடத்தைத்தான் சொல்வேன். இடையில் ஒரு செமஸ்டர் நிறுத்திவிட்டுத் திரும்ப முடியுமா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்றும் கேட்டுவையுங்கள்.

கேள்வி: நேரலை வகுப்பா, பதிவு செய்த வகுப்பா?

பதிவு செய்த பாடம் போதும். ஆனால் வாரம் ஒருமுறையாவது ஆசிரியரோடு நேரடியாகப் பேசும் நேரம் இருக்க வேண்டும். அது உங்கள் ஊர் நேரத்தில் நடு இரவில் வருகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏஐ எல்லாவற்றையும் செய்யப்போகிறது என்கிறார்கள். இரண்டு மூன்று வருடம் செலவழித்து இதைப் படிப்பது வீணாகிவிடாதா?

இந்தப் பயம் புரிகிறது. 2019-இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். யாருக்குக் கூடுதல் மருத்துவக் கவனிப்பு தேவை என்று கணிக்க அமெரிக்காவில் பரவலாகப் பயன்பட்ட ஒரு மென்பொருளை ஆராய்ந்தார்கள். அது நோயின் தீவிரத்தை அளப்பதற்குப் பதிலாக மருத்துவச் செலவைக் கணித்துக்கொண்டிருந்தது. கறுப்பின நோயாளிகளுக்குச் செலவிடப்படும் தொகை ஏற்கெனவே குறைவு என்பதால், அதே அளவு நோயுற்றிருந்தும் அவர்கள் பட்டியலில் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். கோளாறைச் சரிசெய்தால் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகும் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று கண்டார்கள். கணிதத்தில் பிழையே இல்லை. எதை அளக்கிறோம் என்பதில்தான் பிழை.

டாக்டரின் திரையில் கணினி காட்டும் எச்சரிக்கைச் செய்திகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து தொடர்பான எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை டாக்டர்கள் ஒதுக்கித் தள்ளுகிறார்கள் என்று 2006-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. இருக்கிற எச்சரிக்கைகளையே யாரும் படிக்காத திரையில், புதிதாக ஒரு ஏஐ எச்சரிக்கையைச் சேர்த்து என்ன பயன்? எதைக் காட்டுவது, யாருக்கு, வேலையின் எந்தக் கணத்தில் என்று தீர்மானிக்கிறவர்களின் தேவை இனிமேல் கூடத்தான் செய்யும். ஏஐ மாதிரிகளைப் பயிற்றுவிப்பதோடு, அவற்றை மருத்துவமனைக்குள் மதிப்பிடுவதையும் கண்காணிப்பதையும் கற்றுத்தரும் பாடம் இருக்கிறதா என்று பார்த்துச் சேருங்கள்.

கேள்வி: முதுகலை வேண்டாம், சான்றிதழ் படிப்பே போதும் என்கிறார் ஒரு நண்பர்.

ஏற்கெனவே இந்தத் துறையில் வேலையில் இருந்தால் அவர் சொல்வது சரி. புதிதாக உள்ளே வருபவருக்குப் பட்டமும் ப்ராக்டிகமும் கதவைத் திறக்கும். சான்றிதழில் எடுத்த கிரெடிட்டை அப்படியே முதுகலைக்கு மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் இடங்கள் உண்டு. மனம் உறுதியாகாதவர்கள் அங்கே தொடங்கலாம்.

கேள்வி: கேப்ஸ்டோன் (படிப்பின் முடிவில் செய்யும் செயல்திட்டம்) எடுப்பதா, ஆய்வறிக்கை எடுப்பதா?

பிஹெச்டி எண்ணம் இருந்தால் ஆய்வறிக்கை; அதுவும் தொடர்ந்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியிடும் ஆசிரியர் ஒருவர் உங்களை ஏற்றுக்கொண்ட பிறகு. மற்றவர்களுக்குக் கேப்ஸ்டோன்தான் நல்லது. நேர்முகத் தேர்வில் திரையைத் திறந்து "இதை நான் செய்தேன், இந்த வார்டில் இப்போது ஓடுகிறது" என்று காட்ட முடியும்.