பள்ளி நூலகத்தைப் பள்ளி நேரத்துக்கு முன்னும் பின்னும் திறந்து வைக்க முடியுமா?

கிராமப்புறப் பள்ளியின் நூலகத்தைக் காலையில் முதல் மணிக்கு முன்பும் மாலையில் பள்ளி விட்ட பின்பும் திறந்து வைப்பது நடைமுறையில் இயலுமா, பொறுப்பை யார் ஏற்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இயலும். குமரி மாவட்டத்தின் மலையோரத்தில், குலசேகரம் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியராகவும் நூலகப் பொறுப்பாசிரியராகவும் இருந்து இதைச் செய்து வருகிறேன். இரண்டு வேளையும் முடியாவிட்டால், காலை வேளையை மட்டுமாவது விட்டுவிடாதீர்கள் என்பதே என் கருத்து.

எங்கள் பகுதியில் ரப்பர் பால் வெட்டுக்குப் போகும் பெற்றோர் விடியுமுன்னே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவார்கள்; வெயில் ஏறினால் பால் ஒழுக்குக் குறைந்துவிடும் என்பதால் அந்த வேலை இருட்டிலேயே தொடங்கியாக வேண்டும். முந்திரி ஆலைக்குப் போகும் தாய்மாருக்கும் காலை நேரம் தங்கள் கையில் இல்லை. ஏழேமுக்கால் பேருந்தை விட்டால் அடுத்த பேருந்தில் வந்து முதல் மணியைப் பிடிக்க முடியாது. ஆகவே பிள்ளைகள் எட்டு மணிக்கே வளாகத்துக்கு வந்து சேர்ந்து, ஒன்றேகால் மணி நேரம் வராந்தாவில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஒரு ஜூன் மாதக் காலையில், ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பூட்டிய நூலகத்தின் சன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துத் தலையைச் சாய்த்து நிற்பதைப் பார்த்தேன். உள்ளே மேசைமேல் விரித்துக் கிடந்த தேன்சிட்டு இதழில் கண்ணுக்கு எட்டிய இரண்டு பக்கங்களையும் அவள் வாசித்து முடித்திருந்தாள். புரட்டக் கை எட்டவில்லை. மறுநாளே தலைமையாசிரியரிடம் பேசினேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 91.75 விழுக்காட்டு எழுத்தறிவுடன் தமிழ்நாட்டில் முதலிடத்தில் இருந்த மாவட்டம் இது. ஆனால் வாசிக்கத் தெரிந்த வீடும் நூல் இருக்கும் வீடும் ஒன்றல்ல. பாடநூலைத் தவிர வேறொரு நூல் இல்லாத வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளே என் வகுப்பில் அதிகம். பாடவேளை அட்டவணையில் நூலகத்துக்கு வாரம் ஒரு வேளை உண்டென்றாலும், நூல் எடுத்து, பெயர் பதிந்து, உட்காருவதற்குள் மணி அடித்துவிடுகிறது.

பொறுப்பைப் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். நூலகங்கள் பூட்டிக் கிடப்பதற்குச் சோம்பல் காரணமன்று. தணிக்கையின்போது ஒரு நூல் குறைந்தால் தன் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்ற பொறுப்பாசிரியரின் அச்சமே காரணம். இந்த அச்சத்தைத் தனி ஒருவர் தலையில் விடக்கூடாது. நாங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை வெளிப்படையாகப் பேசி, கிழிவதையும் தொலைவதையும் பயன்பாட்டின் பகுதியாக ஏற்றுக்கொள்வதாகத் தீர்மானம் எழுதி, தலைமையாசிரியரின் எழுத்துமூலமான ஆணையையும் பெற்றுக்கொண்ட பிறகே கதவைத் திறந்தோம். முதலாண்டில் 11 நூல்கள் காணாமற்போயின. அவற்றில் 7 நூல்கள் ஆண்டுத் தேர்வுக்கு முன் தாமாகவே திரும்பி வந்தன. "முடிச்சிற்றுத் தாறேன், சார்" என்று சொல்லிச் சென்ற பிள்ளை உண்மையிலேயே முடித்துவிட்டுத்தான் கொண்டு வந்தான்.

சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து நூலகராக மாறிய எஸ்.ஆர். ரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதல் விதியாக 'நூல்கள் பயன்படுத்துவதற்கே' என்பதை வைத்தார். அதை விளக்கும் இடத்திலேயே நூலகம் அமையும் இடத்தோடு அது திறந்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் பேசுகிறார். தயங்கும் சக ஆசிரியர்களிடம் நான் முதலில் எடுத்துச் சொன்னது இதைத்தான். இன்னொரு பயனை நானே எதிர்பார்க்கவில்லை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என இரண்டும் பெய்யும் எங்கள் ஊரில் பூட்டிய அலமாரிக்குள் அட்டைகளில் பூஞ்சை படர்ந்துவிடும். நாள்தோறும் காற்றும் கையும் படத் தொடங்கிய பிறகு அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. மழைக்காலத்தில் வாசலில் குடைகளுக்கு ஒரு வாளியும், கை துடைக்க ஒரு துவர்த்தும் இருந்தால் போதும்.

ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன். அந்தக் காலை நேரத்தைப் பத்தாம் வகுப்புச் சிறப்பு வகுப்புக்கு யாரேனும் கேட்டால் கொடுக்காதீர்கள். எங்களிடமும் கேட்டார்கள், வேறு அறை இருக்கிறது என்று மறுத்தோம். பிள்ளை விரும்பிய நூலை விரும்பிய பக்கத்தில் திறக்கும் உரிமை இருக்கும் இடமாகவே அது இருக்க வேண்டும். படம் மட்டும் பார்ப்பவரையும், மேசையில் தலை வைத்து உறங்குபவரையும் நான் எழுப்புவதில்லை. அந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு எழுந்து வந்தது என்பது எனக்குத் தெரியும்.

மாலை வேளைக்கு ஏற்பாடுகள் கூடுதலாகத் தேவை. பெற்றோரின் கையொப்பமிட்ட சம்மதம், ஓர் ஆசிரியை உட்படப் பெரியவர்கள் இருவர், எந்தப் பிள்ளை எந்தப் பேருந்தில் போகிறது என்ற பட்டியல் ஆகியவை இல்லாமல் தொடங்காதீர்கள். ஐந்தேகாலுக்கு மேல் நீட்டவும் வேண்டாம். ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே செல்லும் வழிகளில் சீக்கிரமே இருட்டிவிடும். பசியையும் மறந்துவிடாதீர்கள். நண்பகலில் சத்துணவு உண்ட பிள்ளைக்கு நாலரை மணிக்கு எழுத்து ஓடாது. பெற்றோர் ஆசிரியர் கழகம் அவித்த சிறுபயறு தர முன்வந்த பிறகுதான் எங்கள் மாலை வருகை நிலைத்தது.

சொன்ன நேரத்தில் கதவு திறந்திருப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். ஒரு திங்கட்கிழமை என் பேருந்து வழியில் பழுதாகி நின்றதால் நூலகம் திறக்கவில்லை. செவ்வாயன்று வழக்கமாக வருபவர்களில் பாதிப் பேரே உள்ளே வந்தார்கள், பழைய எண்ணிக்கை திரும்ப மூன்று வாரங்கள் ஆயின. அதன் பிறகு இரண்டாவது தாக்கோல் (சாவி) ஒன்று செய்து, பள்ளிக்கு முதலில் வரும் தூய்மைப் பணியாளர் அக்காவிடம் அவர் சம்மதத்துடன் கொடுத்திருக்கிறோம். நான் எந்தப் பேருந்தில் வந்து இறங்கினாலும், எட்டு மணிக்குச் சன்னல்கள் திறந்திருக்கின்றன.