“போதும், நிறுத்திடலாம்” என்று அவர் சொன்னால்?

கேள்வி: என் கணவர் இன்னும் இரண்டு மாதத்தில் 1,000 கிலோமீட்டர் சைக்கிள் பந்தயத்தில் தனியாக ஓட்டப் போகிறார். பின்னால் வரும் துணை வண்டியில் நான், என் தம்பி, அவருடைய நண்பர் என மூன்று பேர். எனக்கு சைக்கிளைப் பற்றி ஒன்றும் தெரியாது. பாதி வழியில் அவர் “போதும், நிறுத்திடலாம்” என்றால் நான் என்ன செய்வது? தைரியம் சொல்லி ஓட்ட வைப்பதா, வண்டியில் ஏற்றிவிடுவதா?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: அன்புச் சகோதரி, அவர் அப்படிச் சொல்லத்தான் போகிறார். அநேகமாக இரவு இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில் சொல்வார். உடனே பதில் சொல்லாதீர்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டார், எப்போது தூங்கினார், எங்கே வலிக்கிறது என்ற மூன்றையும் முதலில் பாருங்கள்.

இப்படி ஒரு வண்டியில் நானும் போயிருக்கிறேன். விடியற்காலை மூன்று மணி. எங்கள் ஆள் சைக்கிளைச் சாலையோரம் படுக்கப் போட்டுவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். “என்னால முடியல” என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. நோட்டைப் புரட்டினால், இரண்டரை மணி நேரமாக அவர் வாயில் எதுவும் போகவில்லை. நான் கொடுத்திருப்பேன் என்று இன்னொருவரும், அவர் கொடுத்திருப்பார் என்று நானும் இருந்துவிட்டோம். இனிப்பாகக் குடிக்கக் கொடுத்து, போர்வையைப் போர்த்தி இருபது நிமிடம் படுக்க வைத்தோம். எழுந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “இன்னும் எவ்வளவு தூரம்?” அன்று தவறு முழுக்க எங்களுடையது.

அதனால்தான் நோட்டு முக்கியம் என்கிறேன். எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டார், எவ்வளவு குடித்தார், எப்போது சிறுநீர் கழித்தார் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். இத்தனை நீளமான ஓட்டத்தில் மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை கார்போஹைட்ரேட் உள்ளே போக வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அந்த அளவை வயிறு தாங்கப் பயிற்சியிலேயே பழக்க வேண்டும். பசிக்கிறதா என்று கேட்காதீர்கள், கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள். “என்ன வேணும்?” என்ற கேள்விகூட அந்த நேரத்தில் அவருக்குப் பாரம். எடுத்துக் கையில் கொடுத்துவிடுங்கள். வெறும் தண்ணீரையே ஓயாமல் கொடுப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் குறைந்துபோகும். தலைவலி, குமட்டல், விரல் வீங்கி மோதிரம் இறுகுவது எல்லாம் அதன் அடையாளமாக இருக்கலாம்.

சரி, எப்போது உண்மையிலேயே நிறுத்துவது? கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார், குடித்ததெல்லாம் வாந்தியாக வருகிறது, நெஞ்சு வலிக்கிறது, விழுந்து தலையில் அடிபட்டிருக்கிறது என்றால் பேச்சுக்கே இடமில்லை. இறக்கி மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கழுத்துத் தசை தளர்ந்து தலையைத் தூக்க முடியாமல் போவதும் உண்டு. அதற்கு ‘ஷெர்மர்ஸ் நெக்’ என்றே பெயர். அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் பந்தயம் 1982-ல் முதன்முதலாக நடந்தபோது ஓட்டிய நால்வரில் ஒருவர் மைக்கேல் ஷெர்மர். அடுத்த ஆண்டுப் பந்தயத்தில் 83 மணி நேரம் தூங்காமல் ஓட்டியதில், தன் குழுவினரையே வேற்றுக்கிரகவாசிகள் என்று நினைத்துப் பயந்துவிட்டார். 90 நிமிடம் தூங்கி எழுந்ததும் தெளிந்துவிட்டது. பாருங்கள், கண்ணுக்கு இல்லாதது தெரிந்தாலும், சைக்கிள் கோணல்மாணலாகப் போனாலும், முதல் மருந்து தூக்கம்தான். ஆனால் தூங்கி எழுந்த பிறகும் அப்படியே இருந்தால் பந்தயம் அதோடு முடிந்தது.

இதையெல்லாம் அவர் தெளிவாக இருக்கும்போதே, இந்த வாரமே நால்வரும் உட்கார்ந்து பேசித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்: நிறுத்தும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதை நண்பரிடம் கொடுங்கள். நீங்கள் நிறுத்தினால், “அன்னைக்கு நீதான் நிறுத்தின” என்ற பேச்சு வீட்டுக்குள் வருஷக்கணக்கில் கிடக்கும். நிறுத்தாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால் உங்களால் தாங்க முடியாது. அப்புறம், அவர் உங்கள்மேல் எரிந்து விழுவார். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். “இன்னும் கொஞ்ச தூரம்தான்” என்று பொய்யும் சொல்லாதீர்கள். ஒருமுறை பிடிபட்டால் அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டார்.

எனக்கு அவரைவிட அதிகக் கவலை, வண்டி ஓட்டுபவரைப் பற்றித்தான். சைக்கிளின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு இரவு முழுக்க ஊர்ந்து போவதைப் போலத் தூக்கம் வரவழைப்பது வேறில்லை. ஒருவர் ஓட்ட, ஒருவர் கவனிக்க, மூன்றாமவர் கட்டாயம் தூங்க வேண்டும். “எனக்குத் தூக்கம் வரல” என்பதை ஏற்காதீர்கள். இரண்டு, மூன்று நாள் ஓட்டத்துக்கு மூன்று பேர் குறைவுதான். இன்னொருவர் கிடைத்தால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பந்தயத்துக்கு முன் ஒரு முழு இரவு ஒத்திகை பாருங்கள். ஓடும் வண்டியிலிருந்து எதையும் கொடுக்கலாமா என்பதைப் பந்தய விதிகளில் படித்துக்கொள்ளுங்கள். நின்று கொடுப்பதென்றால் மேட்டில் நில்லுங்கள், அங்கேதான் அவர் வேகம் குறையும். பாட்டிலின் மேல்பகுதியை மட்டும் விரல் நுனியில் பிடித்துக் கையை நீட்டி, அவர் போகும் திசையிலேயே நாலடி ஓடுங்கள். அவர் பிடி இறுகியதும் விட்டுவிடுங்கள். முதல் சில பாட்டில்கள் கீழே விழும். ஒத்திகையிலேயே விழட்டும்.