அந்த அம்மா ஏன் திரும்ப வரவில்லை?

கேள்வி: லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் உள்ள உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஆலோசகராக இருக்கிறேன். எல் சால்வடாரிலிருந்து குடியேறிய குடும்பத்து மாணவன் ஒருவன், 15 வயது. மின் சிகரெட்டில் தொடங்கிக் கஞ்சாவுக்குப் போய்விட்டான், தூக்கமும் இல்லை. அவனுடைய அம்மாவை வரவழைத்தேன். நான் பேசப்பேச அவனே ஸ்பானிஷில் சொன்னான். ஸ்பானிஷ் துண்டறிக்கை, சிகிச்சை மையத்தின் முகவரி எல்லாம் கொடுத்து அனுப்பினேன். அதோடு சரி. கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. அக்கறை இல்லாதவர் என்று விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். அக்கறை இல்லாதவர் முதல் அழைப்புக்கே வந்திருக்க மாட்டார்.

அன்று அவருக்கு என்ன சொல்லப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கஞ்சா என்று சொன்னது, "வகுப்பில் கவனம் போதவில்லையாம்" என்று அவர் காதில் விழுந்திருக்கலாம். உள்ளது உள்ளபடியே சொல்லியிருந்தால் இன்னும் கொடுமை: தன் மீதான குற்றச்சாட்டைப் பெற்ற தாயிடம் பிள்ளையே வாசிக்க நேர்ந்திருக்கிறது. அமெரிக்க அரசின் நிதி பெறும் சுகாதார மையங்களில், அவசர நிலை தவிர வேறு எப்போதும் சிறார்களை மொழிபெயர்க்க வைக்கக்கூடாது என்பது விதி. பள்ளியிலும் அதையே கடைப்பிடியுங்கள். மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய வேண்டியது பள்ளியின் கடமை. அதற்கு முன் வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்றும் கேளுங்கள். லத்தீன் அமெரிக்கக் குடும்பம் என்றாலே ஸ்பானிஷ் என்று முடிவுகட்ட முடியாது. கலிஃபோர்னியாவில் மாம், மிஷ்டெக், சாப்போடெக் போன்ற பழங்குடி மொழிகளைப் பேசும் குடும்பங்கள் ஏராளம்.

மொழி சரியானால் மட்டும் போதாது. பையனை மட்டும் தனியே அழைத்துத் திருத்தி அனுப்பும் முறை இந்தக் குடும்பங்கள் பலவற்றில் எடுபடுவதில்லை. 1970களில் மயாமியில் உளவியலாளர் ஹோசே சப்போச்னிக் குழுவினர் கியூபக் குடும்பங்களிடம் கண்டது இதுதான். பிள்ளைகள் வேகமாக அமெரிக்கர்களாகிவிட்டார்கள். பெற்றோர் ஊர் வழக்கத்தை விடவில்லை. மரியாதை இல்லை என்று அப்பா கத்த, அடக்குமுறை என்று மகன் வெளியேற, அந்த இடைவெளியில் போதைப்பொருள் நுழைந்தது. அதற்காக அவர்கள் உருவாக்கியதுதான் சுருக்கமான குடும்பச் சிகிச்சை முறை. வழக்கமாக 12 முதல் 16 அமர்வுகள். சிகிச்சையாளர் முதலில் வீட்டாரின் நம்பிக்கையைப் பெறுவார். பிறகு அம்மாவும் மகனும் தன்னிடம் முறையிடுவதை நிறுத்தி, ஒருவரோடு ஒருவர் நேரே பேசும்படி செய்வார். யார் இடைமறிக்கிறார்கள், அப்பா கோபப்பட்டதும் யார் பேச்சை மாற்றுகிறார்கள் என்பதைக் கவனித்து, அந்தப் பழக்கத்தைத்தான் மாற்றுவார். அப்பா வர மறுத்தாலும் வந்தவர்களை வைத்துத் தொடங்கலாம். உங்கள் பகுதியில் இந்த முறையில் பயிற்சி பெற்றவர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். முகவரிச் சீட்டை மட்டும் நீட்டாமல், முதல் நாள் நீங்களே கூட்டிச் சென்று அறிமுகப்படுத்துங்கள். இந்தக் குடும்பங்கள் நம்புவது ஆளைத்தான், அலுவலகத்தை அல்ல.

பயத்தையும் மறக்காதீர்கள். பையனைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே வீட்டு முகவரி, அப்பாவின் வேலையிடம், சமூகப் பாதுகாப்பு எண் என்று விண்ணப்பம் நீண்டால், குடியேற்ற ஆவணம் சரியாக இல்லாத யாரும் மறுபடி வாசலை மிதிக்க மாட்டார்கள். தேவையற்ற கேள்விகளை எடுத்துவிடுங்கள். போதைச் சிகிச்சைப் பதிவேடுகளுக்குத் தனிச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். "மனச்சோர்வா?" என்று நேரடியாகக் கேட்டால் அந்த அம்மா இல்லை என்றுதான் சொல்லக்கூடும். தலைவலி, படபடப்பு, தூக்கம், சாப்பாடு என்று கேட்டால் பேச்சு வரும்.

ஒன்றைத் தள்ளிப்போடவே கூடாது. தெருவில் விற்கும் போலி மாத்திரைகள் பலவற்றில் ஃபென்டனில் என்ற, சிறிதளவே உயிரைப் பறிக்கக்கூடிய வலிநிவாரணி கலந்திருக்கிறது. 2022 செப்டம்பரில் ஹாலிவுட்டில் ஒரு பள்ளி வளாகத்திலேயே 15 வயது மாணவி அப்படி இறந்த பிறகுதான், அந்த நச்சை முறிக்கும் நலாக்சோன் மருந்தை லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிகள் எல்லாவற்றிலும் வைக்க முடிவானது. 2023 முதல் அதன் மூக்குத் தெளிப்பான் மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. ஒன்றை அந்த அம்மாவின் கையில் கொடுத்து, எப்படிப் பயன்படுத்துவது என்று செய்து காட்டுங்கள். 988 என்ற மனநல நெருக்கடி உதவி எண்ணை அழைத்து 2ஐ அழுத்தினால் ஸ்பானிஷில் பேசலாம் என்பதையும் அவரது போனிலேயே பதிந்து கொடுங்கள்.

இந்த வாரமே, வேலை முடிந்த நேரமாகப் பார்த்து, மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு அழையுங்கள். எடுக்காவிட்டால் குரல் பதிவு விடுங்கள். அதில் முதலில் மகனிடம் நீங்கள் கண்ட நல்லது ஒன்றைச் சொல்லுங்கள். அடுத்து, எந்த நாள் வர முடியும் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள்.