தம்பி பங்கும் தசமபாகமும்

பிரதர், உசிலம்பட்டி நிலத்தில் தம்பி பங்கையும் உங்கள் பேருக்குப் பத்திரம் பண்ணிவிட்டு, "அப்பாவைக் கடைசிவரை பார்த்தது நான்தானே, தசமபாகமும் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) தவறாமல் கொடுக்கிறேன், பிறகு ஏன் ஜெபிக்க முடியவில்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள். லூக்கா சுவிசேஷம் 18-ஆம் அதிகாரத்தில், வேதசட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்கிற பரிசேயன் ஜெபத்தில் சொன்னதும் இதே கணக்குதான்: வாரத்தில் இரண்டு தரம் உபவாசம், சம்பாத்தியத்தில் தசமபாகம். நீதிமானாக வீடு திரும்பியதோ தன்னைப் பாவி என்று ஒத்துக்கொண்டு மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரன், அதாவது வரி வசூலிக்கிறவன். அப்பாவைப் பார்த்தது நல்ல காரியம், ஆனால் அது தம்பி பங்குக்கு விலை ஆகாது. நிலத்தைக் கொடுத்தால்தான் கர்த்தர் ஏற்றுக்கொள்வார் என்றும் பயப்படாதீர்கள். அடுத்த அதிகாரத்தில் ஆயக்காரருக்குத் தலைவனான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய் (நாலு மடங்காய்) திருப்பித் தருகிறேன் என்று சொல்வதற்கு முன்பே இயேசு அவன் வீட்டில் தங்கப்போவதாகச் சொல்லிவிட்டார். சரி, இன்றைக்கு ராத்திரி எந்தக் காரணமும் சேர்க்காமல் "நான் எடுத்தேன்" என்று மட்டும் ஜெபத்தில் சொல்லுங்கள். அப்புறம் தம்பிக்குப் போன் போடுங்கள். எழுதிக் கொடுக்கிற முறையைப் பத்திர எழுத்தரிடம் கேட்டுக்கொள்ளலாம்.