மறுமொழி: தண்ணீர் கொடுத்தால் பேதி கூடுமா?

அப்பாவுக்குக் காலையிலிருந்து அரிசி கழுவிய தண்ணீர் போலவே போகிறது, தண்ணீர் கொடுத்தால் பேதி கூடும் என்று பக்கத்து வீட்டார் தடுக்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். அதைக் கேட்காதீர்கள். முதலில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், வழியெல்லாம் ஓ.ஆர்.எஸ். (உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல்) கொடுங்கள்.

இது காலராவாக இருந்தால், கிருமியின் நச்சு குடல்வழியே உப்பையும் நீரையும் வெளியே இறைக்கும். மோசமான நிலையில் மணிக்கு ஒரு லிட்டர்கூடப் போகும். ஆனால் சர்க்கரையும் உப்பும் கைகோத்து உள்ளே போகிற பாதையை நச்சு தொடுவதில்லை. அந்தப் பாதையில்தான் தண்ணீரும் ஏறுகிறது. 1971இல் மேற்கு வங்க அகதி முகாமில் சலைன் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மகலனாபிஸ் டிரம்களில் இந்தக் கரைசலை வைத்துக் கொடுத்தார். 100க்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது 4க்கும் கீழே வந்தது.

ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் முழுசாகக் கரையுங்கள். பாக்கெட் இல்லையென்றால் அதே ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. உப்பு இந்த அளவுக்கு மேல் போகவே கூடாது. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள்.

பேதியை நிறுத்தும் மாத்திரை வேண்டாம். ஆன்டிபயாடிக் டாக்டர் சொன்னால் மட்டும். கண் குழிந்து, சிறுநீர் நின்று, கிள்ளிய தோல் மெல்லப் படிந்தால் சலைன் ஏற்றியே ஆகவேண்டும், ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

அப்புறம், குழாய்த் தண்ணீர் நாறுகிறது என்றீர்களே, அதைச் சுகாதார ஆய்வாளரிடம் இன்றே சொல்லுங்கள்.